ஐம்பதும் நாற்பதும்: நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து ஒரு நிர்வாக வரலாறு

மேலாண்மைக் கல்லூரிகளில் ‘பன்னாட்டு மனிதவள நிர்வாகம்’ என்றொரு பாடம் நடத்துகிறார்கள். ஒரு நாட்டில் தலைமையகம், இன்னொரு நாட்டில் உற்பத்தி, மூன்றாவது நாட்டிலிருந்து ஆட்கள். இவர்களை ஒரே நிறுவனத்துக்குள் வைத்து எப்படி வேலை வாங்குவது, ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பாடம். அதற்கான வரலாற்று முன்னுரையைப் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க நிறுவனங்களிலிருந்து தொடங்குகிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறவளுக்கு அந்த முன்னுரை மிகவும் பிந்தித் தொடங்குவதாகத் தோன்றும்.

1602-இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. 1690-இல் சோழமண்டலக் கரையின் தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றியது. 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை பத்தேவியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இங்கிருந்து கணக்கு போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக்குத் துணி வேண்டும். எந்த நீளம், எந்த நெருக்கம், எந்தச் சாயம் என்று எழுதி அனுப்புவார்கள். ஒப்பந்தம் உள்ளூர் வணிகரோடு, வணிகர் நெசவாளரோடு. நூல் நூற்ற பெண்களோடு யாருக்கும் ஒப்பந்தம் கிடையாது. துணியின் தரம் நூலில் இருந்தது, நூலின் தரம் அவள் விரலில் இருந்தது, ஆனால் கணக்குப் புத்தகம் அவளுக்கு முன்பே முடிந்துவிடும். 1659-1661 பஞ்சத்தில் இதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது கம்பெனி. துணி ஏறிய துறையில்தான் ஆட்களும் ஏறினார்கள்.

இந்தக் கட்டுரை டச்சுக்காரர்களைப் பற்றியதல்ல. அதே துறையில் இருநூறு ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பற்றியது. அங்கேதான் நம் பாட்டிகள் வருகிறார்கள்.

1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகளில் ஒரு பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்துசேர்ந்தன. 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக்கென்றே மலாயாவில் ஒரு நிறுவனம் சட்டப்படி நிறுவப்பட்டது. ஒரு விதையின் அறிவு எந்தக் கப்பலில் ஏறி, எந்தத் தோட்டத்தில் இறங்கி, யார் கையில் வளர்ந்தது என்பது இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டையைத் தினமும் சீவிய கைகள் எந்த ஊரிலிருந்து வந்தன என்று தேடினால் எண்ணிக்கைகள் மட்டும்தான் கிடைக்கின்றன.

அந்தக் கைகளில் ஏராளமானவை காவிரிப் படுகையின் கைகள். 1861-62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில் பாதை போட்டார்கள். அது நெல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது, ஆளையும் கொண்டுவந்தது. நெல் விளையும் நாட்டிலிருந்து ஏன் ஆள் போக வேண்டும் என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. விளைந்தது யாருக்கு என்பதில் விடை இருக்கிறது. பண்ணையாளாக இருந்த குடும்பத்துக்கு மரக்காலால் அளந்துபோடும் நெல்தான் கூலி, அதுவும் குடும்பத்துக்குச் சேர்த்து. கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று விவசாயச் சங்கம் போராடி மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்டது 1944-இல். அதற்கு எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தலித் குடும்பத்துக்கு அந்த அடியிலிருந்து தப்ப நாகப்பட்டினம் துறையும் ஒரு வழி. ‘ஏமாற்றி அழைத்துப்போனார்கள்’ என்று மட்டும் சொல்வது அவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவது. பலர் ஏமாற்றப்பட்டார்கள். பலர் எதை விட்டுப் போகிறோம் என்று நன்றாகத் தெரிந்தே போனார்கள்.

முதலில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது, மலாயாவில் 1910-இல் அது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே அதன் இடத்தைப் பிடித்துவிட்டது கங்காணி முறை. நிர்வாகக் கண்டுபிடிப்பு என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். தோட்டத்தில் வேலைசெய்யும் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, உரிமம் கொடுத்து, அவனுடைய சொந்த ஊருக்கே ஆள் சேர்க்க அனுப்புவது. அவன் நல்ல வேட்டி, கடிகாரம், குடையோடு வந்து இறங்குவான். சித்தப்பா, மாமா என்று முறை சொல்லிப் பேசுவான். முன்பணம் கொடுப்பான். கிராம முன்சீப்பின் கையொப்பம் வாங்குவான். நாகப்பட்டினம் முகாமில் கொண்டுவந்து சேர்ப்பான். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல், பினாங்கு, தொற்று ஒதுக்க முகாம், பிறகு தோட்டம். 1907 முதல் பயணச் செலவைத் தோட்ட முதலாளிகள் அனைவரும் சேர்ந்து கட்டும் ஒரு பொது நிதி ஏற்றுக்கொண்டது. அதன் பெயரே தமிழர் குடியேற்ற நிதி. சில ஆண்டுகளில் ‘தமிழர்’ போய் ‘இந்தியர்’ ஆனது.

கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு போன்ற முகமை நிறுவனங்கள் பல தோட்டக் கம்பெனிகளை ஒரே நேரத்தில் நிர்வகித்தன. பங்குதாரர்கள் லண்டனில், முகமை அலுவலகம் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ, தோட்டம் பேராக்கிலோ சிலாங்கூரிலோ. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றில் யார் வீட்டில் கடன், யார் வீட்டில் மகனுக்கும் பண்ணைக்கும் தகராறு, எந்தப் பெண் கணவனை இழந்து தனியாக இருக்கிறாள் என்பது லண்டனுக்குத் தெரிய முடியாது. கங்காணிக்குத் தெரியும். கம்பெனி வாங்கியது அவன் உழைப்பை அல்ல, அந்த உறவு அறிவை. அதற்கு விலையும் வைத்தது. தான் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் ஓடிப்போனால் காசு நிற்கும். ஆகவே ஆள் ஓடாமல் பார்த்துக்கொள்வது கங்காணியின் சொந்த அக்கறையாக மாறியது. கடை வைத்தான், கடன் கொடுத்தான், கல்யாணம் பேசினான், சண்டை தீர்த்தான். ஊரில் இருந்த சாதியும் உறவும் கடல் கடந்து கம்பெனியின் மேற்பார்வைப் பிரிவாகவே வேலை செய்தன. துரை சாட்டையைத் தொடாமலேயே சாட்டை சுழன்றது என்றால் அதன் பொருள் இதுதான்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்த ஏணியின் மொழி ரொம்பவும் உறுத்தும். உச்சியில் பெரியதுரை, அடுத்து சின்னதுரை. பிறகு கிராணி. இவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள், மலையாளிகள். பிறகு தண்டல், கங்காணி. கீழே, தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று வந்த கூலிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மொழி, ஒரு சாதி, ஒரு ஊர். மேலே உள்ளவருக்குக் கீழே உள்ளவரின் மொழி தெரிந்திருக்க வேண்டும், ஆனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தோட்டத் துரைமாருக்கென்று கொழும்பில் தமிழ் கற்பிக்கும் சிறுநூல்கள் அச்சாயின. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த ஒன்றின் தலைப்பு ‘இங்கே வா’. சின்னதுரையின் சட்டைப்பைக்கான தமிழ் வழிகாட்டி அது. பின்னால் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொன்றுக்கு ‘கூலித் தமிழ்’ என்றே பெயர்.

‘இங்கே வா’. ஏவல் ஒருமை. வினைப்பகுதி எந்த விகுதியும் இல்லாமல் அப்படியே கட்டளையாக நிற்கிறது. ‘வாங்க’ என்று ஒரு விகுதி சேர்க்கத் தமிழில் இடமிருக்கிறது. அந்த விகுதியில்தான் நாம் மரியாதையை வைத்திருக்கிறோம். ஒரு மொழியைக் கற்கும்போதே அதன் மரியாதைப் பன்மையைத் தேவையற்றதென்று வைத்துவிட்டுக் கற்க முடியும் என்பதை அந்தத் தலைப்பு காட்டுகிறது. அது துரைமார் கண்டுபிடித்ததும் அல்ல. மிராசுதாரின் வீட்டில் ஐந்து வயதுப் பையன் அறுபது வயதுப் பண்ணையாளை எப்படிக் கூப்பிட்டானோ அதைத்தான் அந்தப் புத்தகம் அச்சுக்கோத்தது. இறக்குமதி செய்யப்பட்ட அதிகாரம் உள்ளூர் இலக்கணத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

கீழிருந்து மேலாகவும் ஒரு மொழி உருவானது. அதற்கு யாரும் வழிகாட்டி எழுதவில்லை. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது ‘பெரட்டு’. வரிசை வீடு ‘லயம்’. மலாய்ச் சொல் கெத்தா நம் வாயில் ‘கித்தா’ ஆனது, ரப்பர் மரம் ‘பால்மரம்’ ஆனது. பால்மரம் என்ற சொல்லை யார் முதலில் சொன்னாரோ தெரியாது. மரத்தைக் கீறினால் வெள்ளையாக வடிவதைப் பார்த்து, அதை ஒரு தாயின் உடலோடு சேர்த்துப் பெயரிட்டது பெண்தான் என்று நம்ப எனக்கு ஆசை. ஆதாரம் கிடையாது. ஆசைதான்.

பால்வெட்டு என்பது கூலி வேலை என்று சொல்லி முடித்துவிடக்கூடிய வேலையல்ல. பொழுது விடியுமுன் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும், ஆகவே இருட்டிலேயே போக வேண்டும். பட்டையை மிக மெல்லச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கொஞ்சம் கூடினால் உள்தசை காயம்பட்டு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு பல ஆண்டுகள் அங்கே வெட்ட முடியாது. ஒரு நாளைக்குச் சில நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் பட்டையின் கனம் வேறு, மழைக்குப் பின் ஒரு மாதிரி, இலையுதிர்ந்தபின் ஒரு மாதிரி. இது புத்தகத்தில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. 1995-இல் நோனாகா, தாகெயுச்சி என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் நிறுவனங்களில் அறிவு எப்படி உருவாகிறது என்று ஒரு நூல் எழுதிப் புகழ்பெற்றார்கள். சொல்லில் அடங்காத, செய்து பழகிய அறிவு நிறுவனத்தின் பெருஞ்செல்வம் என்பது அதன் மையக் கருத்து. பால்வெட்டும் பெண்ணுக்கு அது புதிதாக இராது. நாற்றங்காலில் நாற்றைப் பறிக்கும்போது வேர் அறாமல் எவ்வளவு இழுக்க வேண்டும், சேற்றில் எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்த ஒருத்திதான் கப்பலேறினாள். குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் வெவ்வேறாக அளந்த அந்த விரல், பட்டையின் கனத்தையும் அளக்கக் கற்றது. காவிரிப் படுகையிலிருந்து மலாயாவுக்குப் போன அறிவு என்று ஒன்று உண்டென்றால் அது இந்த விரலில் போனது.

அந்த விரலுக்கு என்ன கொடுத்தார்கள்? 1920-களின் பிற்பகுதியில் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கான நிர்ணயக் கூலி வந்தது. போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. எளிதில் போக முடியாத உட்பகுதிகளில் ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. கிட்டத்தட்ட அதே காலத்தில் இலங்கையில் 1927-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, குழந்தைக்கு 32. வகுத்துப் பாருங்கள். நாடு வேறு, பயிர் வேறு, நாணயம் வேறு, சட்டம் வேறு. பெண் மட்டும் எல்லா இடத்திலும் ஆணில் ஐந்தில் நான்கு பங்கு. பன்னாட்டு அளவில் தரப்படுத்தப்பட்ட நிர்வாக நடைமுறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதற்குள் ஒரு முரண் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. பண்ணையில் அவள் உழைப்பு குடும்பத்துக்குள் கரைந்துபோயிருந்தது. தோட்டத்தின் செக்ரோலில் அவள் பெயருக்கென்று ஒரு வரி இருந்தது, அந்த வரிக்கு நேராக ஒரு தொகை இருந்தது. நாற்பதுதான், ஆனாலும் அவளுடைய நாற்பது. குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, பெரட்டுக்கு ஓடி, பால்வாளி சுமந்து, திரும்பி வந்து மறுபடி சமைக்கும் நேரம் அந்த நாற்பதில் சேரவில்லை என்பது வேறு. பெண்ணின் தேவை குறைவு, ஆகவே கூலி குறைவு என்று அவர்கள் வாதிட்டார்கள். ஆணுக்கு மறுநாள் வேலைக்கு வரத் தெம்பு தருகிற சோற்றை வடித்தவள் யார் என்ற கேள்வி கூலி வாரியங்களின் மேசைக்கு வரவே இல்லை.

நம் பக்கத்து மனிதர் ஒருவர் இதற்குள் வருகிறார். வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயா சென்று தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்து 1937-இல் அறிக்கை கொடுத்தார். பொருளாதார மந்தத்தில் 1930 முதல் கூலியை வெட்டியிருந்தார்கள். முதல் வெட்டில் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32. லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றித் திருப்பியும் அனுப்பியிருந்தார்கள். ரப்பர் விலை சரிந்தால் ஆளை ஊருக்கு அனுப்பிவிடலாம், ஏறினால் வரவழைக்கலாம். வேலையின்மையின் செலவைத் தஞ்சை மாவட்டத்து வயல் ஏற்றுக்கொள்ளும். சாஸ்திரி கூலியைப் பழைய நிலைக்கு உயர்த்தச் சொன்னார். அவர் பரிந்துரைத்தது ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40. ஆங்கிலத்தில் ‘வெள்ளிநாவு’ பெற்றவர் என்று புகழப்பட்டவர், இந்தியரின் உரிமைகளுக்காகப் பல நாடுகளில் பேசியவர், அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருந்த பத்துக் காசைக் கேள்வி கேட்கவில்லை. தனிப்பட்ட குறை என்று இதைப் பார்க்க மாட்டேன். நாற்றுநடவுக்கு ஒரு கூலி, ஏர் ஓட்டுவதற்கு ஒரு கூலி என்று பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பத்துக் காசு தெரியாது.

1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. கங்காணியின் காலம் அதோடு முடிந்தது.

பெண்கள் நிர்வாகக் கோப்புகளில் அதிகமாகத் தலைகாட்டுவது எண்ணிக்கையாகத்தான். 1911-இல் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 300 பெண்கள். 1931-இல் அது 480-ஐ நெருங்கியது. 1922-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் மூன்று ஆணுக்கு இரண்டு பெண் என்று விகிதம் வைத்தன. மலாயாத் தோட்டக்காரர்கள் அதற்கு விலக்கு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பெண் வர வேண்டும், ஏனென்றால் குடும்பம் இருந்தால் ஆண் ஓடமாட்டான், குழந்தைகள் அடுத்த தலைமுறைக் கூலிகள். பெண் அதிகம் வரக்கூடாது, ஏனென்றால் பிரசவமும் குழந்தையும் செலவு. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில், லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பல ஆண்கள் ‘போட்டி’ போட்டதைப் பற்றியும் அவள் ‘ஒழுக்கம்’ பற்றியும் அதிகாரிகள் எழுதினார்கள். விகிதத்தை நிர்ணயித்தது கம்பெனி, ஒழுக்கக் கேடு அவள் கணக்கில்.

அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எதைப் பொறுக்க முடியாமல் இருந்தது என்பது ஒரே ஒரு இடத்தில் உரக்கக் கேட்கிறது. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழிப்பது என்று கோரிக்கைகள் வைத்தார்கள். அவற்றுக்கிடையே இன்னொன்று: தோட்டத்துப் பெண்களை வெள்ளையரும் ‘கறுப்பு வெள்ளைக்காரர்களும்’ சீண்டுவது நிற்க வேண்டும். தலைமைதாங்கிய ஆர். எச். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள், படை வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். ‘கறுப்பு வெள்ளைக்காரர்’ என்ற சொல்லாட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்த முழு ஏணியின் ஆய்வும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. ஆணின் கூலிக்குப் பெண்ணின் கூலி சமமாக வேண்டும் என்று அதே உரத்த குரல் கேட்டதா என்று தேடினேன். சீனரோடு சமம் கேட்ட கோரிக்கை மட்டும்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது.

எம்பத்தைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. இப்போது டெல்டாவிலிருந்து பெண்கள் கப்பல் ஏறுவதில்லை, இரவுப் பேருந்து ஏறுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர். தலைமையகம் தைவானிலோ கலிபோர்னியாவிலோ. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதி உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தபின், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் ஆப்பிள் நிறுவனம் விடுதிகளைப் பார்க்க ஆள் அனுப்பி, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அதே ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்றும், குடும்பப் பொறுப்பு, பிரசவம், தாலி மெட்டி போன்ற உலோக நகைகள் காரணமாகச் சொல்லப்பட்டன என்றும் அதில் இருந்தது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது, புதிதாகச் சேர்த்தவர்களில் கால்வாசிப் பேர் மணமானவர்கள் என்றது. மலாயாவில் குடும்பம் இருந்தால் ஆள் நிலைப்பான் என்று கணக்கு. இங்கே குடும்பம் இருந்தால் நிலைக்கமாட்டாள் என்று கணக்கு போடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

எங்கள் கல்லூரியில் படித்துவிட்டு வேறொரு மின்னணு ஆலைக்குப் போன பெண் ஒருத்தி பொங்கலுக்கு ஊர் வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். லைன், டார்கெட், ஷிப்ட், வார்டன் என்று புதுச் சொற்களோடு பேசினாள். ஒரு திருகாணியை எந்த அழுத்தத்தில் நிறுத்த வேண்டும் என்று கையாலேயே காட்டினாள். கருவி சொல்வதற்கு முன்பே தனக்குத் தெரிந்துவிடும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்குப் பிடித்திருந்தது.

“இந்த வேலை உனக்கு எப்படிக் கிடைச்சது?” என்று கேட்டேன்.

“நம்ம ஊர்ப் பக்கத்து அக்கா ஒருத்தவங்க அங்க லைன் லீடரா இருக்காங்க மேம். அவங்கதான் எங்க ஊர்லேர்ந்து ஏழு பேரைச் சேர்த்துவிட்டாங்க.”

“அவங்களுக்கு ஏதாவது கொடுப்பாங்களா, ஆள் சேர்த்தா?”

“கொடுப்பாங்க போல மேம். நாங்க ஆறு மாசம் நிக்கணுமாம், அப்பதான்.”